பக்கத்துத் துண்டு

சாயப்பட்டறையின் வடக்கு ஜன்னலோரம் அக்கா இரண்டு துணித் துண்டுகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒன்று வாடிக்கையாளர் கொடுத்த மாதிரி. இன்னொன்று காலையில் தொட்டியில் முக்கிக் காயவைத்தது. மற்றவர் கண்ணுக்கு இரண்டும் ஒரே பச்சைதான். அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"மஞ்சள் கொஞ்சம் தூக்கலா இருக்கு. திரும்பப் போடுங்க."

மாதிரித் துண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் எந்தச் சாயத்தையும் அவள் சரி என்று சொன்னதில்லை. "கண்ணை நம்பாதீங்க. அது நமக்குப் பிடிச்சதைத்தான் காட்டும்" என்பாள். இதற்காகவே பட்டறையில் அவளுக்குச் 'சந்தேகப் பேர்வழி' என்று பெயர்.

அப்படிப்பட்டவள்தான் ஜன்னலை விட்டு நகர்ந்ததும் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து, யாரும் பார்க்காதபோது வாயில் போட்டுக்கொண்டாள். வயிற்றுப் பூச்சிக்குக் கொடுக்கிற பழைய மாத்திரை அது. அவளுக்கு வயிற்றில் பூச்சி இல்லை. மார்பில் புற்றுநோய். மருத்துவமனையில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இதற்கிடையில் துணி வாங்க வந்த ஒருவர் தன் செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். பூச்சி மாத்திரையிலேயே புற்றுநோய் குணமாகிறதாம், மருந்து கம்பெனிகள் அதை மறைக்கின்றனவாம்.

கேட்டதும் நம்பிவிட அவள் ஒன்றும் ஏமாளி இல்லை. விசாரிக்க வீட்டிலேயே ஆள் இருந்தான். அவளுடைய தம்பி மருந்து கம்பெனியில் பெரிய வேலையில் இருந்தான். எந்த ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கலாம் என்று முடிவு செய்பவன். வருகிற திட்டங்களில் பெரும்பாலானவற்றை அவன் தள்ளிவிடுவதால் கூட வேலை செய்பவர்கள் 'வடிகட்டி' என்று கூப்பிடுவார்கள். அவனுக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

"டேய், பூச்சி மாத்திரை கேன்சருக்குக் கேக்குமா?" என்று ஒருநாள் சாப்பாட்டின்போது கேட்டாள்.

"தெரியாதுக்கா."

"உனக்குத் தெரியாதா, யாருக்குமே தெரியாதா?"

அவன் தட்டிலிருந்து நிமிர்ந்தான். "யாருக்குமே சரியாத் தெரியாது. பெரிய அளவுல யாரும் சோதிக்கல."

"ஏனாம்?"

"அதோட காப்புரிமை முடிஞ்சு எவ்வளவோ காலமாச்சு. இப்ப யார் வேணாலும் செஞ்சு விக்கலாம். நாங்க கோடி கோடியாக் கொட்டிச் சோதிச்சு, ஆமா கேக்குதுன்னு கண்டுபிடிச்சா, பக்கத்துக் கம்பெனிக்காரன் நோகாம வித்துக் காசு பார்ப்பான். எங்களுக்கு என்ன லாபம்?"

பஸ் எந்தப் பக்கமாகப் போகும் என்று சொல்வதுபோல அவன் சாதாரணமாகச் சொன்னான்.

"அப்போ கேக்காதுன்னும் தெரியாது."

"அதுவும் தெரியாதுதான். அதனால நீ அந்தப் பக்கமே போகாத."

பின்பாதி அவள் காதில் ஏறவில்லை. மறுநாளே மருந்துக் கடைக்குப் போய் வாங்கிவிட்டாள். ஒரு டீ குடிக்கிற காசுதான் ஆனது. இவ்வளவு மலிவாக ஒரு நம்பிக்கை கிடைத்தால் யார்தான் விடுவார்கள்?

அடுத்த முறை மருத்துவமனைக்குத் தம்பியோடு போனபோது டாக்டர் அம்மா இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தபடியே இருந்தார். அந்த அம்மாவின் நெற்றி சுருங்கியது.

"கல்லீரல் பாதிச்சிருக்கும்மா. இன்னைக்கு மருந்து ஏத்த முடியாது. இத்தனை நாள் தாங்கின கல்லீரல் இப்ப ஏன் கெட்டுதுன்னுதான் புரியல. இந்த மருந்து உங்களுக்கு நல்லாவே கேக்குது, ஸ்கேன்ல கட்டி பாதியாக் குறைஞ்சிருக்கு. ஆனா கல்லீரல் தாங்கலைன்னா இதை நிறுத்திட்டு வேற மருந்துக்குத்தான் போகணும். அது இந்த அளவுக்குக் கேக்குமான்னு சொல்ல முடியாது."

உயிரைப் பிடித்துவைத்திருக்கும் மருந்தே கையை விட்டுப் போகப் பார்க்கிறது. பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்த அக்கா, உள்ளே கைவிட்டு மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இதையும் சாப்பிட்டுட்டு வர்றேன் டாக்டர். போன மாசத்துலேர்ந்து."

தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான். டாக்டர் அம்மா திட்டவில்லை. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லவேளை சொன்னீங்க. சொல்லலைன்னா தப்பான மருந்தை நிறுத்தியிருப்பேன். முதல்ல இதை விடுங்க. கல்லீரல் சரியாகுதான்னு பார்ப்போம்."

"விட்டுடறேன். ஆனா டாக்டர், கட்டி குறைஞ்சிருக்கே, அது எதால?"

டாக்டர் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாங்க ஏத்தின மருந்தாலன்னு நினைக்கிறேன். அதை மட்டும் எடுத்துக்கிட்டவங்களுக்கும் இதே மாதிரி குறைஞ்சிருக்கு. இந்த மாத்திரை கூடத் துணை செஞ்சுதா, கெடுத்துதா, சும்மா இருந்துதா? உங்க ஒருத்தரை வச்சுச் சொல்லவே முடியாது."

அக்கா கூனிக் குறுகிப்போனாள். "ரெண்டு சாயத்தை ஒரே தொட்டியில கொட்டிட்டு எது பிடிச்சுதுன்னு கேட்டா, எங்க பட்டறையில என்னையே துரத்திடுவாங்க. பக்கத்துல வச்சுப் பார்க்க ஒரு துண்டுகூட வைக்காமப் போயிட்டேனே."

"வீடியோல அந்த மாத்திரை பட்டு கேன்சர் செல் சாகறதைக் காட்டறாங்களாம்" என்றான் தம்பி, கேலியாக.

"கண்ணாடித் தட்டுல இருக்கிற செல் மேல வெந்நீரை ஊத்தினாலும் சாகும்" என்றார் டாக்டர் அம்மா. "ஆனா ஒண்ணுமே இல்லைன்னு அதைத் தள்ளவும் எனக்கு மனசு வரல. நானே ஒரு சோதனைக்குத் திட்டம் போட்டேன். எல்லாருக்கும் வழக்கமான மருந்து. அதோட பாதிப் பேருக்கு இந்த மாத்திரை, மீதிப் பேருக்கு அதே மாதிரி வெறும் மாவு மாத்திரை. கல்லீரலை அடிக்கடி பார்த்துக்கிட்டே செய்யணும். ஒரு மருந்து கம்பெனிக்கு அனுப்பினேன். 'மிகவும் ஆர்வமூட்டும் திட்டம், ஆனால்'னு பதில் வந்துது."

"'ஆனால் எங்கள் தற்போதைய முன்னுரிமைகளில் இது இடம்பெறவில்லை'" என்று முடித்தான் தம்பி.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அந்த வரியை எழுதினதே நான்தான்."

அக்கா அவன் பக்கம் திரும்பினாள். கோபம் இல்லை. துணியைப் பார்க்கிற அதே பார்வை.

"முழுசாப் படிச்சியாடா?"

"இல்லக்கா. காப்புரிமை கிடைக்குமான்னுதான் முதல்ல பார்ப்போம். கிடைக்காதுன்னா மேல படிக்கறதில்ல."

"அப்போ அந்த மாத்திரை தோக்கவும் இல்ல, ஜெயிக்கவும் இல்ல. ஆட்டத்துலயே சேர்த்துக்கல."

நோயாளி என்பது அதுவரை தம்பிக்குக் காகிதத்தில் வரும் ஒரு சொல்லாகத்தான் இருந்தது. இப்போது அந்தச் சொல் அவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தது. அவனுக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த வாரமே கம்பெனிக் கூட்டத்தில் அந்தத் திட்டத்தை அவன் மறுபடி எடுத்து வைத்தான். மேலதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நாம கம்பெனி நடத்தறோம்ப்பா, தொண்டு செய்யல" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அந்த நாற்காலியில் இருந்திருந்தால் போன வாரம் வரை இவனும் அதைத்தான் சொல்லியிருப்பான். போட்ட பணத்துக்கு லாபம் கேட்பது கம்பெனியின் வேலை. கம்பெனி கேட்காத கேள்வியை யார் கேட்பது என்பதுதான் அவனைக் குடைந்தது.

மாலை வேளைகளில் டாக்டர் அம்மாவோடு உட்கார்ந்து திட்டத்தைத் திருத்தி எழுதினான். எப்படி எழுதினால் தள்ளிவிடுவார்கள் என்பது வடிகட்டிக்குத் தெரியாதா என்ன? அரசின் ஆராய்ச்சி நிதிக்கு விண்ணப்பித்தார்கள். நோயாளிகள் சங்கத்தின் கதவையும் தட்டினார்கள். முதலில் இரண்டு இடத்திலுமே கைவிரித்தார்கள். அலைந்து அலைந்து செருப்பு தேய்ந்த பிறகு இரண்டு இடத்திலும் பாதிப் பாதி கொடுக்கச் சம்மதித்தார்கள்.

மாத்திரையை விட்டதும் அக்காவின் கல்லீரல் தேறி, பழைய மருந்தையே தொடர முடிந்தது. சோதனைக்கு ஆள் சேர்க்கும் நாளில், முதல் ஆளாகச் சேர வேண்டும் என்று நல்ல உடை உடுத்திக்கொண்டு அவள் தம்பியோடு வந்தாள்.

டாக்டர் அம்மா தயங்கினார். "உங்களைச் சேர்க்க முடியாதும்மா. ஏற்கெனவே அந்த மாத்திரை சாப்பிட்டவங்க இதுல வரக்கூடாது. கணக்கே குழம்பிடும்."

தம்பிக்கு முகம் விழுந்துவிட்டது. அவளுக்காகத்தானே இத்தனை அலைச்சலும். அக்காவுக்கும் கண் கலங்கியது. ஆனால் சட்டென்று தலையசைத்தாள். "சரிதான். சாயம் ஏறின துணியை மாதிரித் துண்டா வைக்க முடியாது."

வெளியே வரிசையில் ஒரு பெண் காத்திருந்தாள். தலையில் முடி கொட்டி, மேலே துணி சுற்றியிருந்தாள். அக்கா உள்ளேயிருந்து வருவதைப் பார்த்துக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, இந்த மாத்திரை நல்லாக் கேக்குமாமே? வீடியோல பார்த்தேன். நிஜமாவா?"

அக்கா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தெரியாதும்மா. எனக்கும் தெரியாது, உள்ள இருக்கிற டாக்டருக்கும் தெரியாது. தெரிஞ்சுக்கத்தான் நீங்க உள்ள போறீங்க. நான் அவசரப்பட்டு நானே வாங்கிச் சாப்பிட்டேன். இருந்த நல்ல மருந்தும் போயிருக்கும். லாபம் வராதுன்னு ஒரு மருந்தைச் சோதிக்காமலே மூலையில போடறது தப்பு. அதுக்காக யாரும் சோதிக்காத மருந்தை நாமளே வாயில போட்டுக்கறதும் தப்பு. எல்லார் உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி இது. அதை எல்லாரும் சேர்ந்துதான் கேக்கணும், எல்லார் காசுலயும்தான் கேக்கணும்."

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். அந்தப் பெண் எழுந்தாள்.

"பதில் வந்ததும் எனக்கும் சொல்லுங்க" என்றாள் அக்கா. "கேக்கலைன்னாலும் சொல்லுங்க."