கதவுக்குப் பின்னால் சுவிட்ச்

அவர்கள் வீட்டு ஹால் சுவிட்ச் கதவுக்குப் பின்னால் இருந்தது. கதவை முழுக்கத் திறந்தால் மறைந்துவிடும். பாதி சாத்தினால்தான் கைக்கு அகப்படும்.

வீட்டுக்கு வயரிங் செய்தவன் அந்த வீட்டுக்காரனேதான். அவன் சுவரில் பெட்டி பதித்துவிட்டுப் போன பிறகு தச்சர் வந்து கதவைத் திருப்பி மாட்டிவிட்டார். ஊருக்கெல்லாம் விளக்குப் போடுகிறவன் தன் வீட்டில் சுவரைத் தடவுகிறான் என்று தெருவே சிரித்தது. தெருவில் அவனுக்குப் பெயர் கரண்டு. மாற்றிவிடுகிறேன், மாற்றிவிடுகிறேன் என்று வருடக்கணக்காகச் சொன்னான். அதற்குள் பழகிவிட்டது. யார் வந்தாலும் வலப்பக்கச் சுவரைத்தான் தடவுவார்கள். புருஷனும் பெண்டாட்டியும் வாயைப் பொத்திக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள். வீட்டு ஆள் யார், வந்த ஆள் யார் என்று அந்தச் சுவர் சொல்லிவிடும்.

வெளிநாடு சுற்ற வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அவள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, முன்னாடி இருந்ததா?" என்று நாள் முழுக்கக் கேட்கிற வேலை. எதிரே இருக்கும் சுவரில் எழுத்துகள்தான் தெரியும். வேறு ஏதாவது தெரிய வேண்டும் என்று நினைத்தாள். ஆளுக்கு ஒரு முதுகுப்பை வாங்கினார்கள். முதுகு தாங்குகிறது மட்டும்தான் உடைமை. விலை குறைந்த விமானம், விலை குறைந்த அறை, மீதிக்குக் கால் இருக்கிறது.

அவனுடைய அக்கா இன்னொரு சாவியை வாங்கிக்கொள்ள வந்தாள்.

"பக்கத்துத் தெருக் கல்யாணத்துக்கே பத்து தடவை கூப்பிடணும். இவன் நாடு நாடா சுத்தப் போறானாம். டேய் கரண்டு, போற இடத்துல ஷாக் அடிக்காம வந்து சேரு."

"செடிக்குத் தண்ணி ஊத்துங்க அண்ணி, அது போதும்" என்றாள் இவள்.

முதல் நாட்டில் கிடைத்தது நிலவறை. ஜன்னல் இல்லை. பகலிலும் குகை மாதிரி இருந்தது. அவன் முன்னால் போனான். விளக்கு எரிந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

இரண்டாவது நாட்டில் லிஃப்ட் இல்லாத ஐந்தாவது மாடி. அங்கே சுவிட்சை முழங்கால் உயரத்தில் வைத்திருந்தார்கள். அவன் மூச்சு வாங்கிக்கொண்டே உள்ளே போய், குனியக்கூட இல்லை, முழங்காலால் தட்டினான். விளக்கு எரிந்தது.

"எப்படிங்க தெரிஞ்சுது?"

"தொழில்மா. கதவைத் திறந்தா கை எங்க விழுதோ அங்கதான் வைப்பான்."

"இது கை இல்லையே. முழங்கால்."

"ஐஸ் வைக்கத் தெரியாதவகிட்ட வித்தை காட்டிட்டேன் பாரு" என்று பையை இறக்கினான். அவளும் சிரித்தாள்.

மூன்றாவது நாட்டில் சுவிட்சே இல்லை. அலமாரிக்குள் ஒரு கயிறு தொங்கியது. அவன் அலமாரியைத் திறந்து இழுத்தான். அவள் சிரிக்கவில்லை.

அங்கே எல்லா அறைக்கும் பொதுவாக ஒரு சமையலறை. வரிசையாக இழுப்பறைகள், ஒன்றிலும் எதுவும் எழுதியிருக்காது. மற்ற பயணிகள் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து, தப்பான கதவைத் திறந்து, உப்பைத் தேடிக் களைத்துப்போவார்கள். இவன் பேசிக்கொண்டே கையை நீட்டினான். ஸ்பூன் வந்தது. இன்னொரு பக்கம் நீட்டினான். உப்பு வந்தது.

"ஸ்பூனுக்கும் வயரிங் உண்டா?" என்றாள்.

அவன் சிரித்தான். ஆனால் சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது, தொலைவிலிருந்து பேசுகிறவர் குரல் ஃபோனில் வருவது போல.

அதற்கடுத்த நாட்டில் ஒரு வீட்டுக்காரம்மாள் மாடி அறையை வாடகைக்கு விட்டிருந்தாள். மரப்படிகள். வீட்டுக்காரம்மாள் சாவியை எடுத்துக்கொண்டு வருவதற்குள் அவன் ஏறிவிட்டான். பின்னால் ஏறிய இவளுடைய கால் ஒரு படியில் சரிந்து முட்டி சிராய்த்துக்கொண்டது. அந்தப் பலகை ஆடியது. அவன் அதை மிதிக்கவே இல்லை. கீழே பார்க்காமல் ஒரு படி தாண்டிக் கால் வைத்திருந்தான்.

வீட்டுக்காரம்மாளுக்கும் இவளுக்கும் பொதுவாகத் தெரிந்த மொழி கையளவு. அதை வைத்து வீட்டுக்காரம்மாள் கேட்டாள்:

"உன் வீட்டுக்காரர் முன்னாடி இங்க இருந்திருக்காரா?"

"இல்லை. இந்த நாட்டுக்கே இப்பதான் வரோம்."

"அந்தப் படியில எல்லாரும் ஒரு தடவை விழுவாங்க" என்றாள் வீட்டுக்காரம்மாள். "நானே விழுந்திருக்கேன்."

பிறகு அவள் மாடிக்கு வரவில்லை. துண்டுகளைக்கூடப் படியடியில் வைத்துவிட்டுப் போனாள்.

மலிவு அறைகளில் எந்த நாடானாலும் ஒரே சட்டம்தான். கிளம்புகிற காலையில் விரிப்பை உருவி, மடித்து, கால்மாட்டில் வைக்க வேண்டும். அதன்மேல் சாவி. அவன் அதை அழகாகச் செய்வான். வீட்டில் ஒரு நாளும் போர்வை மடித்தவனில்லை. அங்கெல்லாம் மூலைக்கு மூலை சேர்த்து, கையால் நீவி, சாவியை நடுவில் வைத்துவிட்டு அறையை ஒரு பார்வை பார்ப்பான். பெண்ணைப் புகுந்த வீட்டில் விட்டுவிட்டு வருகிற அப்பனின் பார்வை.

ரயிலில் இருந்தபோது அக்கா ஃபோன் செய்தாள்.

"டேய், சமையலறையில குழாய் பீய்ச்சி அடிக்குது. வால்வு எங்கடா வச்சிருக்க?"

அவன் ஃபோனைக் காதில் வைத்தபடி ஜன்னலைப் பார்த்தான்.

"வால்வா?" என்றான்.

"வால்வுதான்டா! உன் வீட்டு வால்வு!"

அவன் இவளிடம் திரும்பினான். "நம்ம வீட்ல வால்வு எங்க இருக்கு?"

அதை மாட்டியவன் அவன். மாட்டும்போது விரலை நசுக்கிக்கொண்டவன் அவன். அந்த நகம் இன்னும் கோணல்தான். இவள் ஃபோனை வாங்கி, தொட்டிக்கு அடியில், இடது மூலையில் என்று சொன்னாள். அக்கா அவனைத் திட்டியதையும் இவளே கேட்டுக்கொண்டாள்.

பிறகு அவள் தன் தொழிலைச் செய்தாள். எதிரே உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"நம்ம படுக்கையறை ஜன்னல் எந்தப் பக்கம்?"

"கட்டிலுக்குத் தலைமாட்டுல. ஒரு கண்ணாடி விரிசல் விட்டிருக்கும்."

அது இரண்டாவது நாட்டு ஜன்னல்.

"நம்ம வீட்டு மாடிப்படி?"

"மரம். நடுவுல ஒண்ணு ஆடும், பார்த்து ஏறணும்."

அவர்கள் வீட்டுக்கு மாடியே கிடையாது.

"ஹால் சுவிட்ச்?"

இதற்கு அவன் யோசித்தான். நெற்றி சுருங்கியது. கடைசி வரி எழுத்து தெரியாத கிழவர்கள் இப்படித்தான் சுருக்குவார்கள். தெரியவில்லை என்று சொல்ல வெட்கப்படுவார்கள்.

"கதவு..." என்றான். "கதவுகிட்ட ஏதோ ஒரு கூத்து இருக்குமே."

"இருக்கும்" என்றாள்.

அவளுக்குக் கணக்குப் புரிந்தது. புது அறை ஒன்று உள்ளே போனால் பழைய அறை ஒன்று வெளியே போகிறது. வால்வு போயிற்று, ஜன்னல் போயிற்று. ஹாலில் பாதி மிச்சம் இருக்கிறது. அந்த வீட்டில் எல்லா அறையும் போன பிறகு, அதில் நடமாடுகிறவள் எங்கே நிற்பாள்?

"திரும்பிப் போயிடலாம்" என்றாள்.

"இன்னும் ஒரு நாடு பாக்கி இருக்கே. டிக்கெட் காசு திரும்பி வராதும்மா."

"காசு போகட்டும். நீங்க திரும்பி வரணும்."

அவன் அவள் முகத்தையே பார்த்தான். பிறகு, "சரி, நீ சொன்னா சரி" என்றான். அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது. அவன் எதையும் வாதாடாமல் விட்டவனில்லை.

விமானத்துக்கு ஒரு நாளுக்கு மேல் இருந்தது. விமான நிலையத்துக்கு எதிரிலேயே மலிவு அறை இருந்தது. அவள் போக விடவில்லை. பிளாஸ்டிக் நாற்காலிகளில் பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவன் கழிப்பறைக்கு எழுந்தால்கூட அவளும் எழுந்து வாசலில் நின்றாள். ஒரு துப்புரவுக்காரர் இவர்களைச் சுற்றி இரண்டு தடவை துடைத்துவிட்டுப் போனார். இடுப்பு ஒடிந்தது. அவனை இன்னொரு கதவுக்குள் விடக்கூடாது என்பது மட்டும்தான் அவளுக்கு.

"சாமானைக் காவல் காக்கிற மாதிரி காக்கறியே" என்றான்.

"நீங்கதான் சாமான்."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு உடனே வந்தது. அவளுக்கு உயிர் வந்தது.

வீட்டுக்கு வந்து சேர்ந்தது மத்தியானம். அவன் வாசலில் ஒதுங்கி நின்றான், வீட்டுக்காரர் திறக்கட்டும் என்பதுபோல. அவள் சாவியை அவன் கையில் கொடுத்தாள். அவன் அதை எதிர்ப்பக்கம் திருப்பினான். பிறகு சரியாகத் திருப்பினான். பூட்டு புதிதாக இருந்தால் யாரும் செய்வதுதான் என்று அவள் நினைத்தாள். பூட்டு பழசு.

ஜன்னலெல்லாம் சாத்தியிருந்ததால் ஹால் இருட்டாக இருந்தது. அவன் கதவை முழுக்கத் திறந்து உள்ளே போனான்.

அவள் வாசலிலேயே நின்றாள். உதவி செய்யக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அவன் கை வலப்பக்கச் சுவருக்குப் போனது. மேலே தடவியது. கீழே தடவியது. முழங்காலால் தட்டிப் பார்த்தான். கயிறு தொங்குகிறதா என்று காற்றில் துழாவினான். வேலை தெரிந்த கை, அவசரமில்லாமல் சுவர் முழுவதும் தேடியது. பிறகு அவள் பக்கம் திரும்பிச் சங்கடமாகச் சிரித்தான்.

"மன்னிச்சுக்கோங்க. சுவிட்ச் எங்கங்க இருக்கு?"

அவள் உள்ளே வந்து, கதவைப் பாதி சாத்தி, காட்டினாள்.

"அட" என்றான். "எவன் வயரிங் பண்ணினான் இதை?"

அதன்பிறகு செய்ய ஒன்றுதான் இருந்தது. எத்தனையோ வீட்டில் எத்தனையோ பேர் இவர்களுக்குச் செய்ததை அவள் செய்தாள். முன்னால் நடந்து வீட்டைக் காட்டினாள். இது சமையலறை. ஸ்பூன் இங்கே. வெந்நீருக்கு இந்தக் குழாய், முதலில் கொஞ்சம் துருவாக வரும். துண்டு இங்கே. அவன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். செடிகள் நன்றாக இருக்கின்றன என்று பாராட்டினான்.

அக்கா வந்தாள். வாய் நிறைய வசவோடு வந்தாள்.

"வாடா கரண்டு! வால்வு தெரியாத மகராசா! எனக்கு என்னடா வாங்கிட்டு வந்த?"

அவன் எழுந்து நின்றான். மரியாதையாக நாற்காலியைக் காட்டினான். "உக்காருங்க" என்றான்.

அக்கா சிரித்தாள். "பாரு, வெளிநாட்டு மரியாதை!" என்று இவளைப் பார்த்தாள். இவள் சிரிக்கவில்லை. அக்காவின் சிரிப்பு பாதியில் நின்றது. அவள் உட்காரவில்லை. அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்தேன் என்று சொல்லிப் போனாள். தெருமுனைவரை திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

அவன் இவளிடம், "பக்கத்து வீடா?" என்று கேட்டான். "கலகலப்பானவங்க."

பிறகு அவன், தயங்கி, கேட்டான்:

"இங்க எத்தனை நாள் தங்கலாம்?"

"எத்தனை நாள் வேணும்னாலும்" என்றாள். அவன் நன்றி சொன்னான்.

காலையில் அவள் ஹால் சோபாவில் கண் விழித்தாள். படுக்கையறைக் கதவு திறந்திருந்தது. கட்டிலில் விரிப்பு இல்லை. கால்மாட்டில் மடித்து வைத்திருந்தது, மூலைக்கு மூலை, கையால் நீவி. அதன்மேல் வீட்டுச் சாவி.

அவன் வாசலில் உட்கார்ந்து ஷூ நாடா கட்டிக்கொண்டிருந்தான். முதுகுப்பை பக்கத்தில் இருந்தது. கோணல் நகம் நாடாவை இழுத்தது.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"வீட்டுக்குத்தாங்க. ரொம்ப நாளாச்சு." அவன் முகம் தெளிவாக இருந்தது. "மரப்படி இருக்கும். அலமாரிக்குள்ள விளக்குக் கயிறு இருக்கும். ஜன்னல்ல ஒரு விரிசல்."

"அங்க யாரு இருக்காங்க?"

அவன் நாடாவை விட்டுவிட்டு யோசித்தான்.

"ஒருத்தி இருக்கா" என்றான். "படியில விழுந்து முட்டியைச் சிராய்ச்சுக்கிட்டா. மருந்து போட்டாளோ என்னவோ."

அவள் தன் முட்டியைத் தொட்டாள். பொருக்கு இன்னும் உதிரவில்லை.

அவன் நினைவில் இந்த வீட்டில் அவள் இல்லை. அந்த அறைகளில் இருந்தாள். நிலவறையில், ஐந்தாவது மாடியில், ஆடுகிற படியில். அவன் போகும் வழியெல்லாம் அவள்தான். போய்ப் பார்த்தால் அவனுக்குத் தெரியும். அடகு வைத்த நகையை மீட்க அடகுக்கடைக்குத்தானே போக வேண்டும்.

அவள் பையை இன்னும் பிரிக்கவில்லை. அப்படியே தூக்கி முதுகில் மாட்டிக்கொண்டாள்.

"நீங்களும் கிளம்பறீங்களா?" என்றான், வழியில் பார்க்கிற பயணிகளைக் கேட்கிற குரலில். "எந்தப் பக்கம்?"

"உங்க பக்கம்தான்."

"நல்லதாப் போச்சு. பேச்சுத் துணையாச்சு."

அவன் இறங்கினான். அவள் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். ஹால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அணைக்கக் கையை நீட்டினாள். கை வலப்பக்கச் சுவரில் பட்டது. மேலே தடவினாள். கீழே தடவினாள்.

வழவழப்பான சுவர்.

தெருவிலிருந்து அவன் குரல் கேட்டது.

"விடுங்க. அடுத்து வர்றவங்க அணைச்சுப்பாங்க."