காந்தம் ஒட்டாத கெட்டில்

காலை ஆறரை மணிக்கு லிஃப்ட் மெக்கானிக் அந்தக் கெட்டிலை மனைவியின் முகத்தைக் குறிவைத்து எறிந்தான். உள்ளே முக்கால்வாசித் தண்ணீர் இருந்தது. அது சூடாகாமல் இருந்தது அவள் செய்த புண்ணியம். குறுக்கே கையைத் தூக்கினாள். கெட்டில் வலது மணிக்கட்டில் பட்டு, சுவரில் மோதி, கீழ்ப்பக்கம் நசுங்கி உருண்டது.

இத்தனைக்கும் விஷயம் ஒன்றுமில்லை. கேஸ் அடுப்பை எடுத்துவிட்டு இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. முந்தின நாள் அவன் பளபளவென்று ஒரு அலுமினியக் கெட்டில் வாங்கி வந்தான். தண்ணீர் கொதித்தால் விசில் அடிக்கும் என்று பெருமை வேறு. காலையில் டீக்காக அதை வைத்தால், அடுப்புதான் கீக் கீக்கென்று கத்திவிட்டு அணைந்துபோனது. அவள் ஃப்ரிட்ஜ் கதவில் இருந்த தக்காளிப் பொம்மைக் காந்தத்தை எடுத்துக் கெட்டிலுக்குக் கீழே வைத்துக் காட்டினாள். ஒட்டாமல் தரையில் விழுந்தது.

"காந்தம் ஒட்டுற பாத்திரம்தாங்க இந்த அடுப்புல சூடாகும். இது கேஸுக்குத்தான் சரி," என்றாள். குரலைக்கூட உயர்த்தவில்லை.

"இருபது மாடி லிஃப்டை ஏத்தி இறக்குறவன் நான். எனக்கு நீ அடுப்பைப் பத்திச் சொல்லித் தர்றியா?"

கெட்டில் பறந்தது அப்போதுதான். அதோடு விட்டானா என்றால் இல்லை. தலைமுடியைப் பிடித்து அலமாரியில் மோதினான். விழுந்தவளை இடுப்பில் இரண்டு உதை உதைத்தான். பிறகு கண்ணாடி முன் நின்று தலை வாரிக்கொண்டு வேலைக்குப் போனான்.

ஆஸ்பத்திரியில் கேட்டபோது, வீட்டில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். மணிக்கட்டில் எலும்பு விரிசல், ஆறு வாரம் கட்டு. அவள் வீட்டிலேயே துணி தைப்பவள். அந்தக் கை இல்லாவிட்டால் தையல் மெஷின் சும்மாதான் கிடக்கும். அண்ணனுக்கு போன் செய்து அழுதாள். அவன் வழக்கமாகச் சொல்வதையே சொன்னான். "மாப்பிள்ளைக்குக் கோபம் வந்தா கண்ணு மண்ணு தெரியாதும்மா. மத்தபடி தங்கமான மனுஷன். நீதான் அனுசரிச்சுப் போகணும்." ஒன்பது வருஷமாக அவளும் இதை நம்பித்தான் அடி வாங்கினாள்.

மூன்றாம் நாள் கெட்டிலை மாற்ற அவளையும் கடைக்கு இழுத்துப் போனான். நீயே பார்த்து எடு, அப்புறம் என்னைக் குறை சொல்லாதே என்று வழியெல்லாம் முறைத்தான்.

கடைக்காரருக்கு வாய் கொஞ்சம் நீளம். தான் லிஃப்ட் மெக்கானிக் என்றும், கெட்டில் இண்டக்‌ஷன் அடுப்பில் சூடாகவில்லை என்றும் அவன் சொன்னதும், மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துக் கெட்டிலின் கீழே வைத்தார். அது நழுவி விழுந்தது.

"என்ன சார், மெக்கானிக்குன்னு சொல்றீங்க. என்ன அடுப்புன்னு பாக்காம கெட்டில் வாங்கலாமா? காந்தம் ஒட்டணும், கீழ்ப்பக்கம் தட்டையா உக்காரணும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளுடைய கட்டுப் போட்ட கை தானாக முகத்துக்கு முன்னால் போனது. ஆனால் எதுவும் பறக்கவில்லை. மெக்கானிக் தலையைச் சொறிந்துகொண்டு வழிந்தான்.

"தப்பு என்னுதுதான் சார். கவனிக்காம வாங்கிட்டேன்."

ஒன்பது வருஷத்தில் அந்த வார்த்தையை அவள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கையை மெதுவாக இறக்கினாள்.

கடைக்காரர் நசுங்கிய இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, இதை எப்படி மாற்றித் தருவது, என்ன ஆச்சு என்று கேட்டார். கை தவறி விழுந்துவிட்டது என்றான் அவன்.

"விழலை. என்மேல எறிஞ்சாரு," என்றாள் அவள்.

மெக்கானிக் பல்லைக் கடித்துக்கொண்டு, "வீட்டுக்கு வா, பேசிக்கலாம்," என்றான்.

"இங்கயே பேசுங்க. இவர் சொன்னதைத்தானே நானும் சொன்னேன்? இவர் நாலு பேர் முன்னால கிண்டல்கூடப் பண்ணாரு. இவரை ஏன் அடிக்கல?"

அவன் கடைக்காரரைப் பார்த்தான், சுற்றி நின்றவர்களைப் பார்த்தான், கடைசியில் தரையைப் பார்த்தான். அவள் காத்திருந்து பார்த்துவிட்டு வெளியே வந்தாள். படியில் நின்று இடது கையால் அண்ணனை போனில் கூப்பிட்டாள்.

"அண்ணே, உங்க மாப்பிள்ளைக்குக் கோபம் வந்தாலும் கண்ணு நல்லாவே தெரியுது. யாரை அடிக்கலாம், யாரை அடிக்கக் கூடாதுன்னு பாத்துத்தான் அடிக்கிறாரு. இதுக்குப் பேரு கோபம் இல்லண்ணே, கொடுமை. இதை அனுசரிச்சுப் போன்னு சொல்றவங்களும் சேர்ந்துதான் அடிக்கிறாங்க. நான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறேன். நீங்க அங்க வந்துடுங்க."