மரமுயலுக்குக் கண்

சுன்னாகம் ஸ்ரேசன் வீதியில் குணலட்சுமியின் பூக்கண்டுக் கடை இருந்தது. குரோட்டன் சாடிகளுக்கு நடுவே மான், யானை, குதிரை, முயல் என்று மரத்தில் செதுக்கிய மிருகங்கள் நின்றன. எல்லாம் அவள் தம்பி மார்க்கண்டு செய்தவை. ஒன்றுக்கும் அவன் இன்னும் கண் வைத்திருக்கவில்லை.

செடி வாங்க வந்தவர்கள் பகிடி பண்ணினார்கள்.

“என்ன தங்கச்சி, முழுக்கக் குருட்டுப் பட்டாளமாய்க் கிடக்கு?”

அன்று காலை, தொண்டைமானாற்றில் அத்தான் வீட்டுக்குப் போயிருந்த மார்க்கண்டு திரும்பி வந்து சைக்கிளை நிறுத்தியதும் அப்படியே நின்றுவிட்டான்.

“அக்கா! இதென்ன வேலை?”

“கறுப்புப் பெயின்ராலை கண் வைச்சனான். வடிவாய்த்தானே கிடக்கு?”

“வடிவோ? குதிரைக்கு ஒரு கண் வீதியைப் பாக்குது, மற்றக் கண் வானத்தைப் பாக்குது. இண்டைக்குக் கோயில் மனேச்சர் ஐயா என்ரை வேலையைப் பாக்க வாறாரெண்டு சொன்னனானெல்லோ?”

“அதுக்காகத்தானே வைச்சனான்! குருட்டுக் குதிரையைப் பாத்து அந்தாள் என்ன நினைக்கும்?”

“கோயில் குதிரை வாகனத்தை எனக்கோ மற்ற ஆசாரிக்கோ செய்யக் குடுக்கிறதெண்டு இண்டைக்கு முடிவு. கதிரை மேசை அடிச்சுக்கொண்டிருந்த எனக்கு முதல் வாகனமக்கா. இது போனால் இனி ஆரும் கூப்பிடமாட்டினம்.”

“நில், மண்ணெண்ணெய் கொண்டு வாறன். துடைச்சு விடுவம்.”

வாசலில் கார் ஹோர்ன் கேட்டது.

கோயில் மனேச்சர் சோமசேகரம் இறங்கி வந்தார். குடை நுனியால் குதிரையின் மூக்கைத் தட்டினார்.

“உந்தக் கண் ஆர் வைச்சது?”

“நான்தான் ஐயா,” என்றாள் குணலட்சுமி.

“தம்பிக்காகப் பொய் சொல்லாதை, பிள்ளை.”

“சத்தியமாய் என்ரை கைதான்.”

“அப்ப கீறிக் காட்டு.”

சாடிகளுக்குப் பின்னால் மறைந்து கிடந்த முயலுக்கு மட்டும் இன்னும் கண் இல்லை. அதை மடியில் வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு, பெயின்ற் தோய்த்த பிறஸால் ஒரு கண்ணைக் கீறினாள். அது காதடிக்கு ஏறிப்போயிற்று.

“வேணுமெண்டு கோணலாய்க் கீறுறாய்,” என்றார் சோமசேகரம். பிறஸை வாங்கி மார்க்கண்டுவிடம் நீட்டினார். “மற்றக் கண்ணை நீ வை. உன்ரை கையைப் பாப்பம்.”

மார்க்கண்டு கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“மாட்டன் ஐயா.”

“ஏன், கை நடுங்குதோ?”

“காலமை அத்தான் வீட்டிலை மீன்குழம்பு திண்டிட்டு வந்தனான். மரக்கறி மட்டும் சாப்பிட்டு, முழுகிப்போட்டுத்தான் கண் வைப்பன்.”

“அது வாகனத்துக்கு. இது விக்கிற முயல்.”

“முயல்தானேடா! வைச்சு விடடா!” குணலட்சுமியின் குரல் கெஞ்சியது.

“வாகனத்துக்கு ஒரு கை, முயலுக்கு ஒரு கையெண்டு என்னட்டை இல்லையக்கா.”

“மற்ற ஆசாரி கேட்ட உடனை கீறிக் காட்டினவர்,” என்றார் சோமசேகரம்.

“அப்ப…” மார்க்கண்டு ஓரடி பின்வாங்கினான். “அவரிட்டையே குடுங்கோ ஐயா.”

நீட்டிய பிறஸிலிருந்து ஒரு சொட்டுக் கறுப்பு, சோமசேகரத்தின் வெள்ளை வேட்டியில் விழுந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறஸைப் பெயின்ற் பேணியில் போட்டுவிட்டுக் காருக்கு நடந்தார்.

“போச்சு. என்னாலைதான் எல்லாம் போச்சு,” என்று குணலட்சுமி தலையில் கை வைத்தாள்.

காரின் கதவைத் திறந்தவர் ஏறவில்லை.

“மற்ற ஆசாரி கண் கீறேக்கை வாயிலை சுருட்டு,” என்றார், திரும்பிப் பார்க்காமலே. “சனிக்கிழமை வாகனத்துக்கு இலுப்பை மரம் வரும். பட்டறையைக் கழுவி வை.”

மார்க்கண்டு காரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“ஓமெண்டு சொல்லடா!” என்று குணலட்சுமி அவன் முதுகில் இடித்தாள்.

“ஓம் ஐயா… ஓம்.”

“உன்ரை அக்காவை மட்டும் பெயின்ற் பேணிக்குக் கிட்ட விடாதை.”

கார் போய்விட்டது. ஒற்றைக்கண் முயல் இன்னும் அவள் கையில் இருந்தது.

“இதை என்னடா செய்ய?”

“வை. வெள்ளிக்கிழமை முழுகிப்போட்டு மற்றக் கண்ணை வைக்கிறன்,” என்றான் மார்க்கண்டு. அப்போதுதான் அவனுக்குச் சிரிப்பு வந்தது. “நேராய் வைக்கவோ, நீ வைச்ச கண்ணுக்குச் சோடியாய் வைக்கவோ?”