கட்டினவளே அவுக்கணும்

கிழக்கு வெளுக்கும் முன்பே கார்டிங் பிரிவில் வேர்த்துக் கொட்டத் தொடங்கிவிடும். திருச்சுழிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பெண்களை அள்ளிக்கொண்டு வரும் வேன், அருப்புக்கோட்டைக்கு வெளியே நூல் மில்லின் வாசலில் அவர்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போது வானத்தில் இன்னும் வெள்ளி தெரியும். உள்ளே கால் வைத்தால் காது அடைத்துக்கொள்ளும். பஞ்சைச் சீவித் திரியாக்கும் மிஷின்கள் வரிசையாக நின்று இரையும். அவற்றின் வயிற்றுக்குள் ஊசி ஊசியாய்ப் பல் வைத்த இரும்பு உருளை சுற்றும். கண்ணிமையில் பஞ்சு, மூக்கில் பஞ்சு, குடிக்கிற தண்ணீரிலும் பஞ்சு.

முன்பு ஒரு மிஷினுக்கு இரண்டு பேர் இருந்தார்கள். இப்போது சுகந்தி ஒருத்தியே இரண்டு மிஷின்களுக்கு ஓடினாள். திரி அறுந்தால் ஒட்ட வேண்டும். தூசு அடைத்தால் நிறுத்திவிட்டுப் பின்பக்கம் போய், கதவைத் திறந்து, உருளைக்கு அடியில் கைவிட்டு இழுத்துப் போட வேண்டும். சுவிட்ச் இருப்பது முன்பக்கம். பின்னால் குனிந்திருப்பவளை முன்னால் நிற்பவளால் பார்க்க முடியாது.

அதனால் அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. சுத்தம் செய்யப் போகிறவள் தன் தலைத்துணியை அவிழ்த்துச் சுவிட்சின் கைப்பிடியில் கட்டிவிட்டுப் போவாள். எல்லாம் பழைய சேலையில் கிழித்த துணிகள். மஞ்சள் கட்டம் என்றால் முனீஸ்வரி, அரக்கு என்றால் கோகிலாம்பாள், பச்சைப் பூப்போட்டது சுகந்தி. துணியைப் பார்த்தாலே உள்ளே யாரென்று தெரிந்துவிடும்.

வெளிநாட்டுக்காரர்கள் மில்லைப் பார்க்க வருகிறார்கள் என்று முதலாளி அத்தனை பேருக்கும் ஒரே நீலத்தில் துணி கொடுத்தார். பழைய துணி கட்டி வருகிறவளுக்கு வேலை கிடையாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

அன்று விடியலில் சுகந்தி தன் மிஷினைச் சுத்தம் செய்து முடித்து, துணியை அவிழ்த்துத் தோளில் போட்டாள். சுவிட்சைப் போடுவதற்குள் சூப்பர்வைசர் செல்வக்குமார் கடைசி மிஷினில் திரி அறுந்துவிட்டதென்று கத்தினான். ஓடினாள். ஓட்டத்தில் துணி தோளிலிருந்து நழுவி ஒரு கழிவுப் பஞ்சுக் குவியலில் விழுந்தது அவளுக்குத் தெரியாது. இதற்குள் அவள் மிஷினில் இன்னும் தூசு இருக்கிறதென்று செல்வக்குமார் முனீஸ்வரியை அங்கே விரட்டியதும் தெரியாது. முனீஸ்வரி வழக்கப்படி தன் நீலத் துணியைக் கைப்பிடியில் கட்டிவிட்டுப் பின்னால் போனாள்.

சுகந்தி திரும்பி வந்து தலையைத் தடவினாள். துணி இல்லை. கைப்பிடியில் நீலத் துணி தொங்கியது. அடப் பாவமே, அவிழ்க்காமலே ஓடிவிட்டேனா என்று அதை எடுத்துத் தலையில் கட்டினாள். சுவிட்சைப் போட்டாள்.

அந்த அலறல் இத்தனை இரைச்சலையும் கிழித்துக்கொண்டு வந்தது. முனீஸ்வரியின் வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

மறுநாள் முதலாளி சுகந்தியை அறைக்குக் கூப்பிட்டார். வரிசையிலேயே மூத்தவளான கோகிலாம்பாள், கூப்பிடாமலே கூடப் போனாள்.

"இது மனுஷத் தப்பும்மா. மிஷின் மேல ஒண்ணும் இல்ல" என்றார் அவர். "கவனமில்லாம சுவிச்சப் போட்டுட்டேன்னு ஒரு கையெழுத்துப் போடு. ஒன்ன வேலய விட்டு எடுக்க மாட்டேன். வேற பிரிவுல போட்டுர்றேன்."

சுகந்தியின் வீட்டில் அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. மழை பொய்த்த காடு வெடித்துக் கிடந்தது. போட்டது நான்தானே என்று அவள் மனமும் இரவெல்லாம் அரித்திருந்தது. கை தானாகப் பேனாவை எடுத்தது.

"பேனாவக் கீழ வையி" என்றாள் கோகிலாம்பாள். பிறகு முதலாளியைப் பார்த்தாள். "பின்பக்கக் கதவத் தொறந்தாலே மிஷின் ஓடக்கூடாதுல்ல? அந்தச் சுவிச்சு கெட்டுப்போயி, கம்பி போட்டுக் கட்டி ஓட்டுறீகளே. அது எந்த மனுஷன் தப்பு?"

"உற்பத்தி நின்னுருமேன்னு செஞ்சது அது."

"நாலு பேரு பாத்த வேலய ஒருத்தி தலையில கட்டுனது?"

"ஏம்மா, நீ என்ன வக்கீலா? கவனமே பாதுகாப்புன்னு சொவர்ல போர்டு வச்சிருக்கேன்ல?"

"எல்லாருக்கும் ஒரே நெறத்துல துணி குடுத்தது?"

"துணிக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

அந்த ஆளுக்கு உண்மையாகவே தெரியவில்லை. தன் மில்லில் உயிருக்கும் சாவுக்கும் நடுவே இத்தனை வருஷமாய்த் தொங்கியது ஒரு கந்தல் துணிதான் என்று தெரியாமலே அதையும் பிடுங்கியிருந்தார். சுகந்திக்கு அதுவரை தன்மேல் மட்டுமே இருந்த ஆத்திரம் மேசைக்கு அந்தப் பக்கம் திரும்பியது. பேனாவை வைத்தாள்.

"போட மாட்டேன் மொதலாளி."

"அப்போ நாளைக்கி ஒருநாள் டயம். அதுக்கப்புறம் கேட்டுக்குள்ள வராத."

சாயங்காலம் சுகந்தியும் கோகிலாம்பாளும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மில்லில் மிஷின்களைப் பழுது பார்க்கும் ஃபிட்டர் மருதுபாண்டியும் வந்திருந்தான். முனீஸ்வரி சுகந்தியைக் கண்டதும் முகத்தைச் சுவரோடு திருப்பிக்கொண்டாள். சுகந்தி கட்டில் காலைப் பிடித்தபடி நின்று அழுதாள்.

"ஒன்ன வையாத வசவில்ல" என்றாள் முனீஸ்வரி கடைசியில். "ஆனா அந்தத் துணியப் பாத்திருந்தா நானும் என்னுதுன்னுதான் எடுத்திருப்பேன். அதான் எனக்கு ஆத்திரமா வருது. நாளைக்கி இன்னொருத்தி எடுப்பா."

"இனி என்ன செய்யணும்னு நாமளே எழுதி வைப்போம். அவுக எழுத மாட்டாக" என்றாள் கோகிலாம்பாள்.

மருதுபாண்டி ஒரு தாளில் பெரிய எழுத்தாக எழுதினான்: சுத்தம் செய்யும்போது மிகுந்த கவனத்துடன் இருக்கவும்.

"அத அடிங்கண்ணே" என்று சீறினாள் முனீஸ்வரி. "எல்லாரும் கவனமாத்தான் இருந்தோம். யாரு, என்ன செய்யணும்? அத எழுதுங்க."

திரும்ப எழுதினான். அவன் வாசிக்க, கட்டிலை மிஷினாக வைத்துச் சுகந்தி செய்து பார்த்தாள். "உள்ளே ஆள் இல்லை என்று பார்த்த பிறகு சுவிட்சைப் போட வேண்டும்" என்ற இடத்தில் அவள் கை நின்றது.

"சுவிச்சுகிட்ட நின்னா பின்னால தெரியாதேண்ணே."

அந்த வரியும் போனது. பின்னால் நடந்து போய்ப் பார்த்து, கதவைச் சாத்தி, பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு வந்துதான் போட வேண்டும் என்று வந்தது. துணி அவரவர் வீட்டுத் துணியாக இருக்க வேண்டும். சுவிட்சை அணைத்தவள் தானே கட்ட வேண்டும், கட்டினவளே அவிழ்க்க வேண்டும். யார் சொன்னாலும் மற்றவர் தொடக்கூடாது. சுவிட்சைப் பூட்டிவிட்டுப் போக ஆளுக்கொரு பூட்டும் சாவியும் வரும்வரை இதுதான். கதவுச் சுவிட்ச் கெட்ட மிஷினை ஓட்டவே கூடாது.

முனீஸ்வரி தலையணைக்கு அடியிலிருந்து தன் பழைய மஞ்சள் கட்டத் துணியை எடுத்தாள். சுகந்தியை ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னாள். இடது கையாலும் பல்லாலும் இழுத்து வளையமாக முடிச்சுப் போட்டாள். முடிச்சு இரண்டு தடவை நழுவியது. முடிச்சைப் போட வேறு யாரையும் விடவில்லை. வளையத்தைச் சுகந்தியிடம் கொடுத்தாள்.

மறுநாள் விடியலில் கார்டிங் பிரிவு இரையவில்லை.

கோகிலாம்பாள் தன் மிஷினை அணைத்து அரக்குத் துணியைக் கட்டினாள். அடுத்தவள் ஊதாவைக் கட்டினாள். வரிசை நெடுக ஒவ்வொரு கைப்பிடியிலும் ஒரு வீட்டுச் சேலையின் நிறம் ஏறியது. கவனமே பாதுகாப்பு என்ற போர்டின் மேலேயே மருதுபாண்டி தாளை ஒட்டினான். முதலாளி வேட்டியை மடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"என்ன, ஸ்ட்ரைக்கா?"

"சுத்தம் பண்றோம் மொதலாளி" என்றாள் கோகிலாம்பாள். "கதவுச் சுவிச்சு சரியாகுற வரைக்கும், ஆளு போடுற வரைக்கும் சுத்தம்தான். சுகந்தி எங்ககூடத்தான் இருப்பா."

"செல்வக்குமாரு, அவுத்து எறிலே அதெல்லாத்தையும்!"

செல்வக்குமார் முதல் மிஷினுக்குப் போனான். அதன் கைப்பிடியில் சுகந்தி கொண்டுவந்து மாட்டிய மஞ்சள் கட்டத் துணி கிடந்தது. கையை நீட்டினான். முனீஸ்வரியைப் பின்னால் அனுப்பியவன் அவன்தான். நீட்டிய கையை மடக்கிச் சட்டையில் துடைத்துக்கொண்டு தள்ளி நின்றான்.

முதலாளியே வந்தார். சுகந்தி குறுக்கே நின்றாள்.

"அது முனீஸ்வரி அக்கா கட்டுனது. அவுகளுக்கு ஒரு வழி பண்ணி அவுகளக் கூட்டிட்டு வாங்க. அவுக வந்துதான் அவுக்கணும்."

"போலீசக் கூப்பிடுவேன்!"

"கூப்பிடுங்க. அவுகளும் தாள வாசிக்கட்டும்."

அவர் வாயெடுப்பதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம், நூற்புப் பிரிவின் இரைச்சல் ஒரு சுருதி இறங்கியது. பிறகு இன்னொன்று. அங்கே யாரோ மிஷினை நிறுத்திக்கொண்டே வந்தார்கள். நடுக்கதவு திறந்தது. பெண்கள் தலையிலிருந்த நீலத் துணியை அவிழ்த்தபடி உள்ளே வந்து வரிசையின் ஓரமாக நின்றார்கள். வாசலுக்கு வெளியே வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. சுகந்தி இடத்தைவிட்டு நகரவில்லை.