கண்ணை உறுத்தாத பை

சகாதேவனுக்கு நாற்பத்தாறு வயது. அதில் பதினேழு வருஷம் தோளில் பையோடு கழிந்திருந்தது. அரசாங்கத் தாளில் அவர் தொழுநோய் ஆய்வாளர். ஊர்களில் குஷ்ட இன்ஸ்பெக்டர். திருவண்ணாமலையிலிருந்து வேட்டவலம் போகும் சாலையிலும் அதிலிருந்து பிரியும் வண்டிப்பாதைகளிலுமாக இருபத்திரண்டு ஊர்கள் அவர் பொறுப்பில் இருந்தன. ஒரு நாளைக்கு இரண்டு ஊர், சில நாள் மூன்று. எல்லாம் சைக்கிளில்தான்.

பை அலுவலகத்தில் கொடுத்தது. காக்கி கான்வாஸ், இரண்டு பக்கமும் வார்ப்பூட்டு, மூடியில் வெள்ளைப் பெயின்டில் துறையின் பெயர். வலது தோளில் மாட்டி இடது இடுப்பில் விழுகிற மாதிரி குறுக்காகப் போட்டுக்கொள்வார். உள்ளே முழுநீள ரிஜிஸ்டர், நோயாளிகளின் அட்டைகள், மாத்திரை டப்பா, பஞ்சு, ஊசி, சோதனைக்கான கண்ணாடித் துண்டுகள், ஜனங்களிடம் காட்டிப் பேசுவதற்கான படங்கள், மதியச் சோறு. மிதிக்க மிதிக்கத் தொடையில் இடித்துக்கொண்டே வரும். சாயங்காலம் சட்டையைக் கழற்றினால் தோளில் பட்டை சிவப்பாகப் பதிந்திருக்கும். மனைவி கஸ்தூரி தேங்காயெண்ணெய் தடவிவிடுவாள். முதல் சில வருஷம் ஏதாவது சொல்லிக்கொண்டே தடவினாள். இப்போதெல்லாம் பேசாமல் தடவுகிறாள்.

கனத்துக்கு அவர் பழகிவிட்டார். பழகாதது ஒன்று இருந்தது. புங்கனேந்தல் என்ற ஊரின் முகப்பில் மண்ணாங்கட்டி என்பவர் டீக்கடை வைத்திருந்தார். அங்கே பந்தல்காலில் ஆணியடித்து, கம்பி வளையத்தில் ஒரு கண்ணாடி டம்ளர் தனியாகத் தொங்கும். சாலை வளைவில் காக்கிப் பை தெரிந்ததுமே மண்ணாங்கட்டி அந்த டம்ளரை எடுத்து வைத்துவிடுவார். மரியாதையாகத்தான் கொடுப்பார். "வாங்க சார், வெயில் ஜாஸ்தி" என்பார். டம்ளர் மட்டும் அதுதான்.

அந்த ஊரில் சரசு என்று ஒரு பெண். முப்பத்தாறு வயதிருக்கும். புருஷன் அர்ஜுனன் இரண்டு ஏக்கரில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போடுகிறவன். சரசுவின் இடது முழங்கைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தேமல் இருந்தது. பஞ்சால் தொட்டால் அங்கே உணர்ச்சி தெரியாது. இன்னொருவருக்குத் தொற்றுகிற வகை இல்லை. மாத்திரையை விடாமல் வருஷக்கணக்கில் சாப்பிட்டால் சரியாகிவிடும். ஒன்றரை வருஷமாக ஒரு நாள் விடாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சகாதேவனின் அட்டைகளில் அவளுடைய அட்டைதான் சுத்தமாக இருந்தது.

எழுபத்தொன்பதாம் வருஷம் ஐப்பசியில் அவர் போனபோது சரசு வாசலிலேயே மறித்தாள். உள்ளே கூப்பிடவில்லை.

"சார், ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது. இனிமே எங்க ஊட்டாண்ட வராதீங்க."

"ஏம்மா, இன்னா ஆச்சு?"

"பொண்ணுக்குப் பேசிக்கினு இருக்கறோம். போளூர் பக்கத்துல இருந்து வராங்க. வர்றவங்க ஊர்ல நாலு பேர விசாரிக்க மாட்டாங்களா?"

"நான் வந்தா இன்னாம்மா? ஊருல எல்லார் வீட்டுக்குந்தானே போறேன்."

சரசு அவர் முகத்தைப் பார்க்காமல் இடுப்பைப் பார்த்தாள். "உங்கள யாரும் பாக்கறதில்ல சார். அந்தப் பையத்தான் பாக்கறாங்க. மத்த ஊட்டாண்ட நிக்காம போவுது, எங்க ஊட்டாண்ட மாசாமாசம் நிக்குது. கண்ணு தெரியாதவங்களுக்குக்கூட தெரியும்."

செவ்வாய்க்கிழமை டவுன் ஆஸ்பத்திரிக்கு வந்து வாங்கிக்கொள்ளலாமே என்றார். அந்த பஸ்ஸில் பாதிப் பேர் இந்த ஊர்க்காரர்கள்தான் என்றாள். மூன்று மாதத்து மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்துவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. விதி ஒரு மாதத்துக்குத்தான். அதோடு தேமலை மாதாமாதம் பார்த்தாக வேண்டும். அவர் யோசித்து முடிப்பதற்குள் அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மாத்திரைப் பொட்டலம் அவர் கையிலேயே இருந்தது.

அடுத்த மாதம் போனபோதும் கதவு சாத்தியிருந்தது. அட்டையில் இரண்டு கட்டங்கள் காலியாக நின்றன. அந்த வெற்றுக் கட்டங்களைப் பார்க்கும்போது சகாதேவனுக்குக் கோபம்கூட வரவில்லை. உடம்பு முழுக்க ஒரு அலுப்பு வந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே சாலை வரை நடந்தார்.

கார்த்திகைத் தீபம் முடிந்த மறு வாரம் அவர் சின்னக்கடைத் தெருவில் நசீர் அகமது கடைக்குப் போனார். பை, பெட்டி, பெல்ட் எல்லாம் விற்கிற சின்னக் கடை. திருவிழாக் கூட்டம் வடிந்து கடை காற்றாடிக்கொண்டிருந்தது. தோளில் குறுக்காகப் போடுகிற பைகள் கம்பியில் வரிசையாகத் தொங்கின.

"தெனமும் போட்டுக்கறதுக்கு ஒண்ணு வேணும் பாய்."

"எந்த சைஸ்ல?"

சகாதேவன் கொஞ்சம் தயங்கினார். "பாத்தா கண்ணுல படக் கூடாது. அந்த சைஸ்ல."

நசீர் அகமது சிரிக்கவில்லை. நாற்பது வருஷமாகக் கடையில் இருக்கிறவர். எத்தனையோ விதமாகக் கேட்பவர்களைப் பார்த்திருந்தார். கைக்கடக்கமான ரெக்ஸின் பை ஒன்றை முதலில் இறக்கினார். மாத்திரை டப்பாவை வைத்ததும் பை உப்பி, மூடி மூடவில்லை. அடுத்தது துணியில் தைத்த ஜோல்னாப் பை. குறுக்கே போட்டுக் கண்ணாடியில் பார்த்தார். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் ஞாபகம் வந்தது. புங்கனேந்தலில் அதைப் போட்டுக்கொண்டு போனால் ஊரே வேடிக்கை பார்க்கும். மூன்றாவது, பக்கவாட்டில் மடிப்பு வைத்து விரிகிற தோல் பை. அதில் எல்லாம் கொள்ளும். ஆனால் தள்ளி நின்று பார்த்தால் காக்கிப் பைக்கு அண்ணன் மாதிரி இருந்தது.

"நீங்க எல்லாத்தயும் வெளிய எடுங்க" என்றார் நசீர் அகமது. "உள்ள போறது இன்னான்னு தெரியாம பை சொல்ல முடியாது."

சகாதேவன் தெருவை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுப் பையை மேஜைமேல் கவிழ்த்தார். ரிஜிஸ்டர், அட்டைகள், படங்கள். படங்களில் விரல் மழுங்கிய கை ஒன்று மேலே கிடந்தது. நசீர் அகமதுவின் கை அந்தரத்தில் நின்றது. சகாதேவன் அதைக் கவனித்தார். பதினேழு வருஷத்தில் இப்படி நிற்கிற கைகளை நிறையப் பார்த்திருந்தார். சரி, வேறு கடைக்குப் போகலாம் என்று சாமான்களை அள்ளப் போனார்.

"இருங்க சார்." நசீர் அகமது மாத்திரை டப்பாவைத் தானே எடுத்து, கம்பியில் ஐந்தாவதாகத் தொங்கிய சாம்பல் நிற கான்வாஸ் பைக்குள் வைத்தார். பிறகு பஞ்சுச் சுருள். பிறகு ஊசிப் பெட்டி. "இத்த பாருங்க. இந்த சைஸ் பைதான் எல்லாரும் போட்டுக்கினு போறது. ஸ்கூல் வாத்தியார் வாங்கறாரு, பால் சொசைட்டி ரைட்டர் வாங்கறாரு. ஒரு சாண் ஒசரம், ஒண்ணே கால் சாண் அகலம். இதுல பெருசாச்சுன்னா இன்னா இருக்குதுன்னு பாப்பாங்க. கம்மியாச்சுன்னாலும் பாப்பாங்க."

"ரிஜிஸ்டர் போவாதே பாய்."

"போவாதுதான். உங்க பைய பெருசாக்கறதே அந்த நோட்டுதான். அத்த ஊர் ஊரா தூக்கிக்கினுதான் போவணுமா?"

அந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை. அவரும் கேட்டுக்கொண்டதில்லை. போகிற ஊரின் நோயாளிகள் பெயர்களை மட்டும் காலையில் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போகலாம்; திரும்பி வந்து ரிஜிஸ்டரில் ஏற்றலாம். ஒரே வேலையை இரண்டு தடவை எழுத வேண்டும். அதை நினைத்தபோதே விரல் வலித்தது. பட்டையை நீட்டிச் சுருக்கி, இடுப்பெலும்புக்கு மேலே நிற்கும்படி வைத்து, வெளியே வந்து சைக்கிளில் ஏறி உட்கார்ந்து பார்த்தார். பை முதுகோடு ஒட்டிக்கொண்டது. தொடையில் இடிக்கவில்லை.

"இதுவே இருக்கட்டும்" என்றார்.

மறுநாள் மேற்பார்வையாளர் கோதண்டராமனிடம் சொன்னபோது அவர் நாற்காலியில் சாய்ந்து கேட்டுக்கொண்டார். கெட்ட மனுஷர் இல்லை. "நீங்க சொல்றது புரியுது சகாதேவன். ஆனா ஃபீல்டுல செக்கிங் வந்தா ரிஜிஸ்டர் கையில இருக்கணும். நான் சரின்னு சொல்ல முடியாது. வேணாம்னும் சொல்லல."

மார்கழி இரண்டாம் வாரம் சாம்பல் பையைக் குறுக்கே போட்டுக்கொண்டு புங்கனேந்தல் போனார். மண்ணாங்கட்டி ஏறிட்டுப் பார்த்தார். "இன்னா சார், இன்னிக்கு டூட்டி இல்லியா?" என்று கேட்டபடியே தட்டிலிருந்து ஒரு டம்ளரைக் கழுவி டீ ஊற்றினார். ஆணியில் தொங்கிய டம்ளர் அங்கேயே இருந்தது. பக்கத்தில் ஒருவர் குடித்துவிட்டு வைத்த டம்ளரும் சகாதேவன் கையில் இருந்ததும் ஒரே மாதிரி இருந்தன. இதற்காகச் சந்தோஷப்பட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. டீ தொண்டையில் இறங்கியதே தவிர வேறொன்றும் தோன்றவில்லை. முகம் அதேதான், ஆளும் அதே ஆள்தான். ஆறாத சூட்டில் குடித்துவிட்டு எழுந்தார்.

சரசு வீட்டுக்குப் போகவில்லை. ஏரிக்கு அந்தப்புறம் மல்லாட்டைக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தாள். வரப்பில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் தண்ணீர் கேட்பவர் மாதிரி கிணற்றடிக்குப் போனார். அவள் களைக்கொத்தோடு எழுந்து வந்தாள். முதலில் அவர் இடுப்பைத்தான் பார்த்தாள்.

"புதுசா?"

"ஆமா."

"எங்களுக்கோசரமா வாங்கினீங்க?"

"என் தோளுக்கும்தாம்மா. கையக் காட்டு."

முந்தானையை விலக்கிக் கையை நீட்டினாள். பஞ்சால் தொட்டார். கண்ணை மூடிக்கொண்டு எங்கே தொடுகிறார் என்று சொன்னாள். இரண்டு இடத்தில் சொல்லவில்லை. தேமலின் ஓரம் பழையபடிதான் இருந்தது. பரவவில்லை. அதைச் சொன்னபோது சரசு சடாரென்று கிணற்றுக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு மாதமாக ராத்திரியில் எழுந்து விளக்கில் கையைப் பார்த்துக்கொண்டே இருந்ததாகச் சொன்னாள். அழவில்லை. மாத்திரைப் பொட்டலத்தை வாங்கி மடியில் சொருகிக்கொண்டு மறுபடி களைக்கொத்தை எடுத்தாள்.

அதற்குப் பிறகு கிணற்றடிதான் இடம். மாதாமாதம் அட்டையில் கட்டம் நிரம்பியது. மற்ற ஊர்களிலும், சாத்திய கதவுகளில் ஒன்றிரண்டு திறந்தன. எல்லாம் திறக்கவில்லை.

பங்குனியில் மேலிடத்திலிருந்து திடீரென்று செக்கிங் வந்தது. ஒரு வண்டிப்பாதையில் ஜீப்பை நிறுத்தி ரிஜிஸ்டரைக் கேட்டார்கள். சகாதேவன் பையிலிருந்து மடித்த தாளை எடுத்துக் காட்டினார். மெமோ வந்தது. ஒன்றரைப் பக்கத்துக்கு விளக்கம் எழுதினார். நோயாளிகள், ஊர், கல்யாணம் என்று எழுதிவிட்டு, படித்துப் பார்த்து, அதைக் கிழித்துப் போட்டார். 'இனி ரிஜிஸ்டரை உடன் வைத்துக்கொள்கிறேன்' என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தார். மறுநாளிலிருந்து ரிஜிஸ்டரைச் செய்தித்தாளில் சுற்றி, மதியச் சோற்றோடு சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டார். கனம் தோளிலிருந்து கேரியருக்குப் போனது. ஏற்றத்தில் மிதிக்கும்போது முழங்கால் அதைச் சொல்லிற்று.

வைகாசியில் சரசுவின் மகளுக்குக் கல்யாணம். சகாதேவனுக்குப் பத்திரிகை வரவில்லை. வராது என்று அவருக்கும் தெரியும். அன்று அவருடைய வழி அந்த ஊர் வழியாகத்தான் இருந்தது. மேளச் சத்தம் சாலை வரை கேட்டது. நிற்காமல் மிதித்து அடுத்த ஊருக்குப் போய்விட்டார்.

ஒரு வருஷம் ஆவதற்குள் சாம்பல் பையையும் ஊர்கள் கண்டுகொண்டன. மண்ணாங்கட்டி ஒரு நாள் பேச்சு கொடுத்தபடியே ஆணியிலிருந்து டம்ளரை எடுத்தார். சகாதேவன் அந்த வாரமே நசீர் அகமது கடைக்குப் போனார். அதே அளவில் கறுப்பில் ஒன்று வாங்கினார். அதற்கப்புறம் பச்சையில் ஒன்று. நசீர் அகமது மூன்றாவது தடவை எதுவும் கேட்காமல் கம்பியிலிருந்து இறக்கிக் கொடுத்தார்.

எண்பத்து மூன்றாம் வருஷம் ஆவணியில் டாக்டர் சரசுவின் அட்டையில் சிகிச்சை முடிந்ததாக எழுதினார். சகாதேவன் அதைச் சொல்வதற்காகக் கிணற்றடிக்குப் போனார். அவளுக்குப் பேரன் பிறந்திருந்தான். தேமல் இருந்த இடம் மங்கலாக, பழைய தழும்பு மாதிரி இருந்தது.

"இனிமே மாத்திரை வேணாம். முடிஞ்சுது."

சரசு கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்ப நீங்க இந்தப் பக்கம் வர மாட்டீங்களா சார்?"

"வருவேன். இந்த ஊர்ல இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க."

யாரென்று கேட்க அவள் வாயெடுத்தாள். கேட்கவில்லை. குடத்திலிருந்து சொம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு, சட்டைக் காலரால் வாயைத் துடைத்துக்கொண்டு, சைக்கிளை வரப்பிலிருந்து நிமிர்த்தினார். அடுத்த ஊர் நாலு மைல். எதிர்க்காற்று.