சின்ன மணி

ஏற்காட்டு ஏரிக்கரையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது இன்பமேரிக்குக் கால் தரையில் பாவவில்லை. புருஷன் அருள்சாமியின் ரத்தம் நல்லபடியாக இருக்கிறதாம். சேலத்து டாக்டரே வாயால் சொல்லிவிட்டார், அப்புறம் என்ன வேண்டும்?

போன வருஷம் அருள்சாமிக்குப் பக்கவாதம் வந்து இடது கை விழுந்தது. சேலத்தில் ஸ்கேன் மெஷின் வந்த புதிது. எடுத்துப் பார்த்தார்கள், மருந்து கொடுத்தார்கள், கையும் ஓரளவு திரும்பிவிட்டது. ஆனால் அன்று டாக்டர் சொன்ன இன்னொன்று அவளை அரித்துக்கொண்டே இருந்தது.

"வாதம் வந்த வயசானவங்க சில பேருக்கு, ரத்தத்துல ஒரு புரோட்டீன் கூடியிருந்தா, பின்னால ஞாபகம் கொறையுதும்மா. எல்லாருக்கும் அப்படின்னு சொல்லிட முடியாது. அப்பப்ப எடுத்துப் பாப்போம்."

டாக்டர்கள் பேச்சே அப்படித்தான். பாதி காதில் விழும், மீதியை நாமே போட்டு நிரப்பிக்கொள்ள வேண்டும். இன்பமேரி நிரப்பிக்கொண்டது இது: ரத்தம் கெட்டால் புத்தி கெடும், ரத்தம் தேறினால் புத்தியும் தேறும். அவர் காப்பிக்கு உப்பைப் போட்டபோதும், குடையை அடுப்பு மேடையில் வைத்துவிட்டுத் தேடியபோதும் அவளுக்கு டாக்டர் பேச்சுத்தான் ஞாபகம் வந்தது. ரத்தம் சோதிச்ச முடிவு வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று மனசை அடக்கிக்கொண்டாள்.

மலைப்பாதை வளைவுகளில் அவருக்குத் தலை சுற்றும். அதனால் முடிவை வாங்க இன்றைக்கு அவள் மட்டும் போனாள். காலையில், "ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தர்றனுங்க" என்றதற்கு, "ம், பாத்துப் போ" என்று நல்லபடியாகத்தான் சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்குப் போகும் கிளியூர்ப் பாதையில் பாதி தூரம் வந்தபோது கோயில் மணி கேட்டது. சின்ன மணி, விட்டு விட்டு ஒற்றை ஒற்றையாக. அந்தக் கோயிலில் ஆண் செத்தால் பெரிய மணி, பெண் செத்தால் சின்ன மணி. அடிப்பவர் அருள்சாமிதான். வாதம் வந்த பிறகும் அந்த வேலையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை மனுஷன். எந்த வீட்டுப் பொம்பளையோ, பாவம். இன்பமேரி சிலுவை போட்டுக்கொண்டு, நின்ற இடத்திலேயே செத்தவளின் ஆத்துமாவுக்காக ஜெபம் சொன்னாள்.

எதிரே வந்த பக்கத்து வீட்டு மருதாயி அவளைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டு வேலியோரம் ஒதுங்கினாள்.

"யாரு மருதாயி தவறுனது?"

"உங்க ஊட்டுக்காரரு..." மருதாயிக்கு நாக்குக் குழறியது. "நீங்கதான் செத்துட்டீங்கன்னு அடிக்கறாருங்கக்கா."

இன்பமேரி ஓடினாள். கோயில் வாசலில் கூடியிருந்த ஜனம் வழி விட்டது. அருள்சாமி கயிற்றை வலது கையில் சுற்றிக்கொண்டு, அழுதபடி இழுத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, நான் இங்கதான இருக்கறேன். எதுக்குங்க மணி அடிக்கறீங்க?"

அவர் திரும்பி அவள் முகத்தை நன்றாகத்தான் பார்த்தார்.

"எங்கூட்டு இன்பம் போயிட்டாளுங்க. ஆஸ்பத்திரிக்குப் போனா, திரும்பி வரலீங்க. நீங்க எந்த ஊருங்க? அவளுக்குச் சொந்தமுங்களா?"

தாலி கட்டிய நாளிலிருந்து 'வா', 'போ' தவிர அவர் அவளிடம் வேறு மாதிரி பேசியதே இல்லை. அந்த 'ங்க' காதில் விழுந்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் சில்லிட்டுப் போயிற்று. ரத்தம் நல்லா இருக்குதுங்க, டாக்டரே சொன்னாருங்க என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லி என்ன, அதைக் கேட்க வேண்டியவர் அங்கே இல்லை.

"துக்க மணியைப் பாதியில விடக் கூடாதுங்க," என்றார் அருள்சாமி. கயிறு அவர் விரல்களிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது. "அவளுக்குக் கொறை வெச்சறக் கூடாது. எனக்குக் கை ஓஞ்சு போச்சு. சித்தெ நேரம் புடிக்கறீங்களா?"

இன்பமேரி கயிற்றைப் பிடித்தாள். அவரோடு சேர்ந்து இழுத்தாள்.