முத்துவேணியின் கடைசிக் கதவு

"எழுதிட்டியா?"

"'கதவு திறந்தது'ன்னு எழுதிட்டேன். உள்ள என்னங்க இருந்துச்சு?" பேச்சியம்மாள் பேனாவை மையில் தோய்த்துக்கொண்டு கேட்டாள்.

பாயில் கிடந்த சதாசிவம் பதில் சொல்லவில்லை. கண்ணில் மட்டும் ஒரு குறும்பு. கதையில் நல்ல கட்டம் வந்தால் மனைவியைத் தவிக்க விடுவது அவர் வழக்கம். அவளும் காத்திருந்தாள். அந்தக் குறும்பு அப்படியே நிலைத்துவிட்டது என்று புரிய அவளுக்குச் சற்று நேரமாயிற்று.

மலாயாவில், செடெனாக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவர் கணக்கெழுதும் கிராணி. மாரியம்மன் திருவிழாவுக்குப் பாட்டுக் கட்டிக்கொண்டிருந்தவர், ஒரு மாயக்கதை எழுதிச் சிங்கப்பூர் வாரப் பத்திரிகைக்கு அனுப்பினார். அதன்பிறகு நிறுத்தவே இல்லை. பறக்கும் மீன், பாடும் மலை, கடலடியில் ஒரு நகரம். 'உங்கள் நகரம் எங்கள் கடலில் எந்தப் பக்கம் இருக்கிறது?' என்று மெர்சிங் கடைக்காரர் ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார். பத்திரிகை ரயிலில் வரும் நாளில் லயத்து வரிசை வீட்டு ஜனம் முழுவதும் அவர் வாசலில் கூடிவிடும். அவரே குரலை மாற்றி மாற்றிப் படிப்பார். நெஞ்சு நோய் வந்தபின் படிப்பதும் எழுதுவதும் பேச்சியம்மாள் வேலையாயிற்று. போன வாரம் அந்தக் கடலடி நகரத்து இளவரசி முத்துவேணி கடைசிக் கதவின் முன் நிற்பதோடு 'தொடரும்' போட்டிருந்தார்கள்.

மறுநாள் காலை தப்புச் சத்தத்தில் வாசல் அதிர்ந்தது. ரப்பர் மரம் சீவிப் பாலெடுக்கும் கருப்பாயி பாடையருகே விழுந்து ஒப்பாரி வைத்தாள்.

"என் ராசா... முத்துவேணியக் கதவுகிட்ட நிக்க வச்சுட்டு நீ மட்டும் போயிட்டியே!"

சுற்றியிருந்த பெண்களின் அழுகை சட்டென்று நின்றது. எல்லாத் தலைகளும் பேச்சியம்மாள் பக்கம் திரும்பின. தப்படித்துக்கொண்டிருந்த வீரமுத்து குச்சியை இடுக்கிக்கொண்டு தயங்கித் தயங்கி வந்தான்.

"கிராணியம்மா, இப்ப கேக்கக் கூடாதுதான். ஐயா உங்ககிட்ட சொல்லியிருப்பாருல்ல? உள்ள என்ன?"

'தெரியாது' என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆனால் நாக்கில் வேறொன்று வந்து நின்றது.

"உள்ள இருட்டு," என்றாள். "ஒரே இருட்டு. முத்துவேணி ஒரு கால எடுத்து உள்ள வைக்கிறா. தரை மூச்சு விடுது."

"அலமாக்! தரையா?"

"தரை இல்ல கருப்பாயி. அது மீனு. தூங்குற மீனு. அந்த நகரமே அது முதுகுலதான் இருக்கு!"

கூட்டம் 'ஹா' என்றது. பேச்சியம்மாளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இது அவர் சொல்லாதது. இப்போது, இந்த நிமிஷத்தில், அவளுக்கே தெரியவந்தது. அழுது கம்மிய குரல் தானாகவே முத்துவேணியின் குரலாக மெலிந்தது; மீன் உறுமியபோது அடிவயிற்றிலிருந்து எழுந்தது.

பாடையைத் தூக்கியாயிற்று. "நேரமாவுது, நடங்க," என்றார் பின்னால் ஒரு பெரியவர்.

"கொஞ்சம் இரு லா!" என்று நாலைந்து பேர் ஒரே குரலில் அடக்கினார்கள். "மீனு முழிச்சுச்சா? அவ என்ன செஞ்சா?"

பேச்சியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"முழிச்சுச்சு. ஒரு கண்ணத் தொறந்துச்சு பாருங்க..."

சுமந்து நின்றவர்கள் பாடையைக் கீழே வைக்கவில்லை. தோளை மட்டும் மாற்றிக்கொண்டார்கள்.